விலைப்புள்ளி

மேகலா லாட்ஜ் மேனேஜர் அவர்களுக்கு.
படுக்கை விரிப்பு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.
தலையணை உறைக்கு ஆறு.
சத்துவாச்சாரியில் பதிமூன்றுக்கே வெளுத்துத் தருகிறார்கள் என்றீர்கள்.
தரட்டும்.
அலசிய தண்ணீரை எங்கே விடுகிறார்கள் என்று
நீங்கள் கேட்கவில்லை,
நானும் சொல்லப்போவதில்லை.
ஐப்பசியில் ஓடைப் பக்கம் போனால்
நுரையே சொல்லும்.

மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை,
தண்ணீரில்லாத ஆறு என்று
நம் ஊரைக் கேலி பேசுவார்கள்.
அந்த ஆற்று மணலைப் பார்த்த மாதிரி
விருதம்பட்டில் சலவைக் கம்பெனி வைத்தவளை
அந்தப் பட்டியலில் எங்கே சேர்ப்பார்களோ.

முன்பு நாளுக்கு மூன்று லாரித் தண்ணீர்.
இப்போது ஒன்று.
கடைசி அலசலில் வடிந்தது
அடுத்த சுமைக்கு முதல் அலசல்.
அதுவும் அழுக்கானபின்
ஜல்லி, மணல், கரி,
பிறகு கல்வாழைப் பாத்தி.
ஏழு லட்சம் கடன்.
வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"இது சேவையா, தொழிலாம்மா?"
"வட்டியை எதற்கு உண்டானதாகப் போடுவீர்கள்?" என்றேன்.
தொழிலுக்கு உண்டானதையே போட்டார்.

ஒன்பது பெண்கள். ஒன்பது பேருக்கும் பி.எஃப்.
தில்ஷாத் இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில்
கையுறை கிடையாது.
ப்ளீச் அவள் ரேகையைத் தின்றுவிட்டது.
ரேஷன் கடை மெஷின்
ஒவ்வொரு மாதமும் அவள் கட்டைவிரலைப் பார்த்து
நீ தில்ஷாத் இல்லை என்றது.
இங்கே வந்த பதினோராம் மாதம்
ஒரே அழுத்தில் பச்சை விளக்கு.
அந்தச் சர்க்கரையில்தான் அன்று எல்லோருக்கும் டீ.
தணிக்கையாளரிடம் கேட்டேன்,
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
"பணியாளர் நலன், டீச் செலவு" என்றார்.

ஒன்றை மறைக்கமாட்டேன்.
உங்கள் விளம்பரப் பலகையில் இருக்கும் கட்டில் போல
என் விரிப்பு பளீரென்று இருக்காது.
மோரில் மஞ்சள் விழுந்த மாதிரி
லேசாக ஒரு சாயல்.
ப்ளீச் போட்டால் சாயல் போகும்.
கூடவே கல்வாழையும் போகும்.

இன்னொன்று.
புதன்கிழமை நாலிலிருந்து ஆறு வரை
ஒரு மெஷின் உங்களுக்குக் கிடையாது.
அது உங்கள் லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்கு.
அறையில் துணி துவைக்கக் கூடாது என்று
தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும்
நீங்கள்தானே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

மால்டாவிலிருந்து வந்தவர் ஒருவர்
ஏழு புதன் மனைவியின் சேலைகளோடு வந்தார்.
சீழும் மருந்தும் காய்ந்த சேலைகள்.
எட்டாவது புதன்
சேலைகள் மட்டும்தான் மிச்சம்.
துவைத்தார்.
ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார், அவசரமில்லாமல்.
இருபது ரூபாயை நீட்டினார்.
இலவசம் என்று எழுதிப் போட்டிருந்தும்
வாங்கிக்கொண்டேன்.
மறுத்திருந்தால் அன்று அவரிடமிருந்து
இன்னொன்றையும் பிடுங்கியிருப்பேன்.

என்னைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
போன மார்ச்சில் சம்பளம் ஐந்து நாள் தள்ளிப்போனது.
"ஆறு நல்லா இருக்கட்டும் அக்கா,
வீட்டுக்காரன் வாடகை கேக்கறான்"
என்றாள் குணபூஷணி.
பதில் சொல்லத் தெரியாமல்
வளையலை மண்டித் தெருவுக்கு எடுத்துப்போனேன்.
அதன்பிறகு தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதினெட்டு.
பதினாறுக்கு ஒத்துக்கொண்டு
அவள் வயிற்றில் பிடித்துப்
பாலாற்றைக் காப்பாற்ற மாட்டேன்.

பதினேழரை என்று போன் செய்யாதீர்கள்.
மாதிரிக்கு இரண்டு விரிப்பு அனுப்பியிருக்கிறேன்.
டியூப் லைட்டில் பிடித்துப் பார்ப்பீர்கள், தெரியும்.
பார்த்த பிறகு
கொஞ்சம் முகர்ந்தும் பாருங்கள்.
ஒரு வாசனையும் வராது.
அந்த ஐந்து ரூபாய் அதற்குத்தான்.

ஜி.எஸ்.டி. தனி.